பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் எது இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பழைய புல்லட் ஒன்றை முழுவதும் பிரித்துத் தம் விருப்பப்படி மறுபடியும் கட்டிய இளைஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரை படத்துடன் வெளியாகியிருந்தது. வயர் ஒன்றுகூடக் கண்ணில் படாத ஹேண்டில்பார்தான் அந்த வண்டியின் தனிச் சிறப்பு என்று கட்டுரையாளர் வியந்து எழுதியிருந்தார். படத்தை நானும் நெடுநேரம் பார்த்தேன். பற்றவைப்பு, பெயின்ட், டேங்கின் வளைவு எல்லாமே தேர்ந்த கையின் வேலை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வலது கிரிப்புக்கு முன்னால் இருக்க வேண்டிய முன்பிரேக் லீவரை உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துத் தேடியும் காணவில்லை. ஹாரன் பொத்தானும் டிம்-பிரைட் சுவிட்சும் எங்கே இருக்கின்றன என்பதும் விளங்கவில்லை. இதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் தங்கள் தந்தையர் ஓட்டிய வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எனக்கும் இப்படியே வழித்துத் துடைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் திருவொற்றியூரில் வசிப்பவன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாகனங்களுக்கு ஒயரிங் வேலை செய்து ஓய்வு பெற்றவன். 1978இல் பதிவான 350 சி.சி. புல்லட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஹேண்டில்பாரை எளிமைப்படுத்தும் வேலையில் நானும் இறங்கி, சிலவற்றில் வென்று, சிலவற்றில் தோற்று, கழற்றிய ஒன்றை வெட்கத்துடன் திரும்பவும் மாட்டியவன். ஆகவே பழையது எதையும் தொடக் கூடாது என்று கட்சி கட்டுகிறவனாக என்னை எண்ணிவிட வேண்டாம்.

ஹேண்டில்பாரில் இருப்பதைக் குறைப்பது இன்று வந்த மோகமும் அன்று. 1920களின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏறி உட்கார்ந்தால், இயந்திரத்தின் பாதி வேலையை ஓட்டுகிறவரே செய்ய வேண்டியிருந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எவ்வளவு விடுவது என்பதற்கு ஒரு லீவர், அதில் காற்றின் அளவைத் திருத்த இன்னொரு லீவர், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் மேக்னெட்டோவின் தீப்பொறி நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்த மற்றொரு லீவர், எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்க வேறொரு லீவர், இவற்றுக்கு மேல் கிளட்ச், பிரேக் என்று இரண்டு கைகளுக்கும் ஓயாத வேலை. பல வண்டிகளில் கியர் மாற்றும் தண்டு டேங்கின் பக்கத்தில் இருந்தது; ஆயிலை அவ்வப்போது கையால் பம்பு செய்யவும் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் வலது கிரிப்பைத் திருகினால் வேகம் கூடும். இடது கிரிப்பைத் திருகினால் தீப்பொறி நேரம் மாறும்.

இந்த லீவர்கள் ஒவ்வொன்றாக மறைந்த விதத்தைத்தான் இன்றைய இளைஞர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இயந்திரம் வேகமெடுக்க எடுக்கச் சுழற்சியால் விரியும் இரண்டு சிறு எடைகள் தீப்பொறி நேரத்தைத் தாமே முன்தள்ளத் தொடங்கிய பிறகுதான் அந்த லீவருக்கு விடுதலை கிடைத்தது. ஊசியும் ஸ்லைடும் சேர்ந்து கலவையைச் சரியாக அளந்து கொடுக்கும் கார்புரேட்டர் வந்த பிறகுதான் காற்று லீவர் போயிற்று. இயந்திரமே ஓட்டும் ஆயில் பம்பு வந்த பிறகு கைப்பம்பு போயிற்று. நம் காலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிதாக வரும் இரு சக்கர வாகனங்களில் இயந்திரம் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்று விதி வந்ததும், விளக்கை அணைக்கும் சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போனது. தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டார்கள். இந்த மாற்றங்களில் எதிலும், ஒரு லீவர் செய்துவந்த வேலையை வேறொன்று ஏற்றுக்கொள்வதற்கு முன் அந்த லீவரை யாரும் கழற்றிப் போடவில்லை. படத்தில் கண்ட வண்டியில் முன்பிரேக்கின் வேலையை எது ஏற்றுக்கொண்டது என்பதே என் கேள்வி.

சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் 1955இல் கூட்டுச் சேர்ந்து, எங்கள் திருவொற்றியூரில் புல்லட்டைக் கட்டத் தொடங்கின. அந்த வண்டி தன் காலத்து அளவில் அடக்கமான ஹேண்டில்பார் கொண்டது. வேகமானி, மின்சார அளவைக் காட்டும் ஆம்ப் மீட்டர், சாவி, விளக்குச் சுவிட்சு எல்லாம் ஹெட்லைட் டூமின் மேல்தகட்டிலேயே அமர்ந்துவிட்டன. ஹேண்டில்பாரில் மிஞ்சியவை வலப்புறம் ஆக்சிலேட்டர், முன்பிரேக் லீவர். இடப்புறம் கிளட்ச் லீவர், அதனருகே சிறிய டீகம்ப்ரஷன் லீவர், டிம்-பிரைட்டும் ஹாரனும் சேர்ந்த ஒரு சுவிட்சு. அவ்வளவே. உண்மையைச் சொன்னால், இதற்கு மேல் எளிமைப்படுத்த அதில் அதிகம் இல்லை.

என்னிடம் வந்தபோது என் வண்டி அந்த நிலையில் இல்லை. எனக்கு முன் மூன்று பேர் அதை வைத்திருந்தார்கள். மூவரும் ஆளுக்கொன்றைச் சேர்த்திருந்தார்கள். இண்டிகேட்டருக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் சுவிட்சு, பனி விளக்குக்கு ஒன்று, பாட்டுப் பாடும் ஹாரனுக்கு ஒன்று, எதற்கென்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியாத சிவப்புப் பொத்தான் ஒன்று. எல்லா வயர்களையும் கறுப்பு டேப்பால் சுற்றி, அது வெயிலில் இளகி, தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும். பின் மட்கார்டை யாரோ ஏற்கெனவே வெட்டிக் குட்டையாக்கியிருந்ததால், தொழிற்சாலை வடிவத்துக்கு அதைத் திருப்பும் ஆசையை விட்டுவிட்டு, என் மகனின் விருப்பப்படி கஸ்டம் வண்டியாகவே முடிப்பது என்று தீர்மானித்தேன். பனி விளக்கும் பாட்டு ஹாரனும் முதல் நாளே போயின. அவற்றுக்காக இதுவரை ஒரு நாளும் வருந்தியதில்லை.

அடுத்து என் கண் டீகம்ப்ரஷன் லீவர் மேல் விழுந்தது. அறியாதவர்களுக்காக அதன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஒற்றை சிலிண்டர் இயந்திரத்தை உதைத்துக் கிளப்பும்போது, உள்ளே அழுத்தப்படும் காற்று கிக்கரை எதிர்த்து நிற்கும். அந்த லீவரை அழுத்தினால் சிலிண்டர் ஹெட்டில் ஒரு சிறு வால்வு திறந்து காற்று வெளியேறும். கிக்கர் எளிதாக இறங்கும். சாவியைப் போட்டு, லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்குத் திரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சி.பி. பாயின்ட் திறந்து மின்சாரம் நின்றதற்கு அதுவே அடையாளம். அங்கிருந்து கிக்கரை மேலே வரவிட்டு, லீவரை விட்டு, ஒரே முழு உதை. பழகியவருக்கு முதல் உதையிலேயே வண்டி பேசும். பழகாதவருக்குக் கிக்கர் ரிட்டர்ன் அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

இந்த லீவர் வண்டி நிற்கும்போது மட்டுமே தேவைப்படுவது, ஓடும்போது அதைத் தொடுவதே இல்லை, ஆகவே ஹேண்டில்பாரில் அதற்கு இடம் எதற்கு என்று நான் வாதம் செய்தேன். வாதம் தாளில் சரியாகத்தான் இருந்தது. குட்டையான புதிய கேபிள் ஒன்றைச் செய்து, லீவரை டேங்குக்குக் கீழே வண்டிச் சட்டகத்தின் குழாயில், இடது கை எட்டும் இடத்தில் கொண்டுபோய் மாட்டினேன். ஹேண்டில்பார் பார்க்க மிகவும் சுத்தமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து, கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில், மாலை நேர நெரிசலில் வண்டி அணைந்துபோயிற்று.

இந்தக் காலத்து வண்டிகளையே ஓட்டியவர்கள் இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பழைய புல்லட்டில் கியரும் கிக்கரும் வலது காலுக்கு உரியவை. பின்பிரேக் இடது காலுக்கு உரியது. ஏற்றத்தில் வண்டி அணைந்தால் வலது கால் கிக்கரில் ஏற வேண்டும். எடையைத் தாங்க இடது கால் தரையில் ஊன்ற வேண்டும். இடது கால் தரைக்குப் போனவுடன் பின்பிரேக் இல்லை. பின்னுக்கு உருளாமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவது வலது கையில் இருக்கும் முன்பிரேக் ஒன்றுதான். மிஞ்சியிருப்பது இடது கை. அது ஹேண்டில்பாரை நேராகப் பிடித்துக்கொண்டே பெருவிரலால் டீகம்ப்ரஷன் லீவரையும் அழுத்த வேண்டும் என்றுதான் அந்தப் பழைய வடிவமைப்பாளர் அதை அங்கே வைத்திருக்கிறார். நானோ அந்த லீவரைத் தேடி இடது கையை டேங்குக்கு அடியில் நீட்டினேன். ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பியது, வண்டி சாய்ந்தது, பின்னால் இருந்த ஆட்டோ ஓட்டுநர் இறங்கி வந்து தாங்கிப் பிடித்திராவிட்டால் நூற்று அறுபது கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு என் கால்மேல் விழுந்திருக்கும். மறுநாள் காலை முதல் வேலையாக லீவரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மகன் சிரித்தான், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முன்பிரேக்கைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கும் இதுவே காரணம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னுக்குச் சாய்ந்து முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது, அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கே உரியது என்பது எல்லோரும் அறிந்த இயற்பியல். பழைய டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் அளவுக்குப் பிடிக்காது. அதனால்தான் இருப்பதையும் இழக்கக் கூடாது. வேகத்தில் நிறுத்துவதை விட்டுவிடுவோம். நின்ற இடத்தில், ஒரு ஏற்றத்தில், காலைத் தரையில் ஊன்றி நிற்பதற்கே பழைய புல்லட்டுக்கு முன்பிரேக் வேண்டும். கிளட்சைக் காலுக்கும் கியரைக் கைக்கும் மாற்றி, இடது லீவரையும் ஒழித்துவிடும் அமெரிக்கப் பாணி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் அது எப்படியோ போகட்டும். பத்தடிக்கு ஒருமுறை காலை ஊன்ற வேண்டிய நம் சாலைகளில் அதைச் செய்கிறவர்களைக் கண்டு எனக்கு வியப்பே மிஞ்சுகிறது.

இனி என் சொந்தத் தொழிலான ஒயரிங்குக்கு வருகிறேன். ஹேண்டில்பாரை நியாயமாக எளிமைப்படுத்தக் கூடிய இடம் உண்மையில் இதுதான். பழைய சுவிட்சுகள் பெரிதாக இருப்பதற்குக் காரணம், முகப்பு விளக்குக்கும் ஹாரனுக்கும் போகும் முழு மின்சாரமும் அவற்றின் வழியாகவே போனதுதான். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். பழைய 6 வோல்ட் வண்டியில் 36 வாட் பல்பே 6 ஆம்பியர் இழுத்துவிடும். இதைத் தாங்கத் தடித்த வயரும் அகன்ற செம்புத் தொடுமுனையும் வேண்டும். நடுவில் ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை, வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. ரிலேயின் சுருளை இயக்க 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.15 ஆம்பியர் போதும். அந்தச் சிறு மின்சாரம் மட்டும் ஹேண்டில்பாருக்கு வந்து போகும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே விளக்குக்குப் போய்விடும். அப்போது சட்டைப் பொத்தான் அளவு சுவிட்சும் தலைமுடி போன்ற வயரும்கூடப் போதும். ரிலேக்களைப் பக்கவாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். இதற்கென்றே ஜெர்மனியின் மோட்டோகேஜட் போன்ற நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே சிறு பெட்டியில் அடக்கிய மின்னணுக் கருவிகளையும் விற்கின்றன. விலையைக் கேட்டால்தான் பழைய வண்டியின் விலை நினைவுக்கு வரும். நான்கு முனை ரிலேக்கள் இரண்டும், ஒருமுறை அழுத்தினால் நிலை மாறி நிற்கும் ரிலே ஒன்றும் புதுப்பேட்டையில் வாங்கினால் அதே வேலை நடக்கும். கடைசியாகச் சொன்ன ரிலே டிம்-பிரைட்டுக்கு உரியது. ஏனென்றால், அழுத்தினால் மட்டும் இணைந்து விரலை எடுத்தால் விட்டுவிடும் பொத்தானால் விளக்கை ஒரு நிலையில் பிடித்து வைக்க முடியாது.

இந்த ரிலேக்களை வாங்கச் சோம்பல்பட்டு, தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு, இண்டிகேட்டருக்கான சிறு பொத்தான் வழியாகவே முகப்பு விளக்கை இணைத்து ஒரு மாதம் ஓட்டினேன். மாமல்லபுரத்திலிருந்து இரவில் திரும்பும் வழியில் பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தது; வாடை என்னவென்று யோசிப்பதற்குள் விளக்கு அணைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், நிலவில்லாத இரவில், எதிரே பேருந்து வரும்போது ஒரு மோட்டார் சைக்கிள் இருட்டாகிப் போவது எப்படி இருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டு ஒயரிங் வேலை செய்தவன் செய்யக் கூடாத தவறு அது. பிறர் வண்டியில் ஒருபோதும் செய்திருக்க மாட்டேன்.

பொத்தான்கள் சிறியவையானால் இன்னொரு சிக்கல் எழுகிறது. மூன்று பொத்தான்களும் ஒரே வடிவில், ஒரே வரிசையில், ஒரே அளவில் இருந்தால் படம் எடுக்க அழகாக இருக்கும். திடீரென்று நாய் குறுக்கே ஓடும்போது பெருவிரல் ஹாரனுக்குப் பதில் டிம்-பிரைட்டை அழுத்தும். ஓட்டுகிறவரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும்; தேடுவது விரலின் வேலை. ஆகவே ஹாரன் பொத்தானை மட்டும் கிரிப்புக்கு மிக அருகில் கொண்டுவந்து, அதன் தலையில் ஒரு சிறு பித்தளைக் குமிழைப் பற்றவைத்துக்கொண்டேன். இண்டிகேட்டரைப் பொறுத்தவரை, இடப்பக்கத்துக்கு இடது கையிலும் வலப்பக்கத்துக்கு வலது கையிலும் ஒவ்வொரு பொத்தான் வைப்பதே சிறந்த வழி. ஹார்லி டேவிட்சன் நெடுங்காலமாக இப்படித்தான் வைத்துவருகிறது, பி.எம்.டபிள்யூ. வண்டிகளிலும் பல ஆண்டுகள் இம்முறை இருந்தது. ஒரு சுவிட்சு இரண்டாகிறதே, இது எப்படி எளிமையாகும் என்று கேட்கலாம். திரும்பும் பக்கத்துக் கையே அந்தப் பக்கத்து விளக்கைப் போடுகிறது. மனம் இடையில் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எண்ணிக்கையைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய புல்லட்டுக்கு இண்டிகேட்டரே கிடையாது, கையைக் காட்டினால் போதாதா என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. வலப்பக்கம் திரும்புவதற்கு வலது கையை நீட்டும்போது, ஆக்சிலேட்டரையும் முன்பிரேக்கையும் ஒருசேர விட்டுவிடுகிறோம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

வயர்களை ஹேண்டில்பார் குழாய்க்குள்ளேயே விடுவது இன்று எல்லோரும் விரும்பும் முறை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதற்காகத் துளையிடும் இடத்தில் கவனம் வேண்டும். நம் கைகள் தரும் விசையெல்லாம் போய்க் குவிவது நடுவில் உள்ள கிளாம்பின் அருகில்தான்; அங்கே துளையிட்டால், பள்ளம் மேடுகளில் குலுங்கிக் குலுங்கிக் குழாய் ஒருநாள் அந்தத் துளையிலிருந்தே விரியும். கிரிப்பை ஒட்டிய பகுதியில், அடிப்பக்கத்தில், வயருக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் பெரிதாகாமல் துளையிட்டு, விளிம்பின் பிசிரை அரத்தால் மழித்து, ரப்பர் வளையம் மாட்டிய பிறகே வயரை உள்ளே விட வேண்டும். பிசிர் ஆறு மாதத்தில் வயரின் தோலை உரித்துவிடும். உரிந்த வயர் குழாயைத் தொட்டால் நேரே ஷார்ட். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபியூஸ் இல்லாத பழைய ஒயரிங்கில் அது எங்கே போய் முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேபிள்களை மறைக்கும் ஆசையில் ஆக்சிலேட்டர் கேபிளைக் கூர்மையாக வளைத்துக் குழாய்க்குள் திணிக்கிறவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்துபார்க்கட்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது இயந்திரத்தின் ஒலி ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். யூ-திருப்பத்தில் வண்டி தானாகப் பாயும். கிரிப்பைத் திருகி விட்டால் தானே சட்டென்று மூடிக்கொள்ளவும் வேண்டும். மெல்லத் தயங்கித் திரும்பும் ஆக்சிலேட்டருடன் வண்டி எடுக்கவே கூடாது. அழகுக்காக வாங்கும் பித்தளை லீவர்களிலும் ஒரு மறைபொருள் உண்டு. லீவர் சுழலும் அச்சுக்கும் கேபிள் முனை அமரும் இடத்துக்கும் உள்ள தூரம் எல்லா லீவர்களுக்கும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் வகை லீவர்களிலேயே 22 மில்லிமீட்டர், 27 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் உண்டு. தூரம் குறைந்தால் பிடிக்க இலகுவாக இருக்கும். ஆனால் கேபிள் குறைவாக இழுபடும். கிளட்ச் முழுவதும் விடாமல், கியரில் நிற்கும்போது வண்டி முன்னுக்கு முண்டும். இதை அறியாமல் கிளட்ச் தட்டுகளை இரண்டு முறை மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு குழப்பம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றமே மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பழைய சுவிட்சுக்குப் பதில் ரிலேயும் சிறு பொத்தானும் வைப்பது இதில் சேருமா? ஹேண்டில்பாரையே தாழ்வானதாக மாற்றுவது? ஒரு ஊரில் ஆய்வாளர் கண்டுகொள்ளாத மாற்றத்துக்கு அடுத்த ஊரில் அபராதம் விழுகிறது என்று வண்டிக்காரர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். ஹாரன் கட்டாயம் என்பதில் மட்டும் எந்த ஐயமும் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் முதல் வடிவத்திலேயே இருக்கும் அத்தகைய வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவுசெய்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண்ணைப் பெறலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அந்த வண்டியை எடுக்க முடியாது என்பது வேறு. தந்தையின் 1970ஆம் ஆண்டு வண்டியை ஆசைப்பட்டு அறுத்துவிட்டால் அந்தத் தகுதி திரும்பி வராது. என் வண்டியை ஏற்கெனவே யாரோ வெட்டியிருந்ததால் எனக்கு அந்த மனவேதனை இல்லை. முழு உருவில் இருக்கும் வண்டி யாரிடமாவது இருந்தால், துளையிடாமல், வெட்டாமல், ஸ்பானரால் மாட்டி ஸ்பானராலேயே கழற்றக் கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பழைய சுவிட்சைக் குப்பையில் போடாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பழைய மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டில்பார், சுவிட்சு, லீவர் ஆகியவற்றில் எவற்றைத் துறையின் அனுமதியின்றி மாற்றலாம், எவற்றுக்கு அனுமதி வேண்டும், எவற்றைத் தொடவே கூடாது என்பதை எளிய தமிழில் இரண்டு பக்க அறிவிப்பாக வெளியிட்டு, ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். படித்துப் பார்க்க மெக்கானிக்குகளே முதலில் வருவார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கட்டுரையில் இடம்பெற்ற இளைஞரின் கைத்திறனை நான் மதிக்கிறேன். முன்பிரேக்கை அவர் கண்ணுக்குத் தெரியாத வேறு ஏற்பாடு ஏதேனும் கொண்டு இயக்குகிறார் என்றால் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆவல். தங்கள் இணைப்பிலேயே அதை அவர் படத்துடன் விளக்கலாம். அப்படி ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், என்னிடம் பழைய புல்லட்டின் முன்பிரேக் லீவர் ஒன்று, கேபிளுடன், பயன்படாமல் கிடக்கிறது. முகவரி அனுப்பினால் என் செலவிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய புல்லட் வைத்திருக்கும் வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர்.